வெந்நீர் தண்ணீர் ஆகாது

உலகில் எது மிதக்கும், எது முழுகும் என்பதை இயற்கைதான் முடிவு செய்கிறது என்று நம்பும் அப்பாவிகள் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களுக்காக வருந்துகிறேன். கட்டை மிதந்தது, கல் முழுகியது என்பதெல்லாம் கோப்புகள் தோன்றுவதற்கு முந்தைய இருண்ட காலத்துச் செய்தி. இன்று ஒரு பொருள் மிதக்க வேண்டுமானால் அதற்கு எங்கள் அலுவலகத்தின் முத்திரை வேண்டும். முத்திரை விழுந்த பிறகும் அது முழுகினால், அது அந்தப் பொருளின் ஒழுங்கீனம்.

எங்கள் அலுவலகத்தின் பெயர் மிதப்புத் தரச் சான்றகம். இங்குள்ளவர்களுக்கு மிதப்பு அதிகம் என்று வெளியில் பேசிக்கொள்கிறார்கள். பெயர்ப் பலகையைப் படித்துவிட்டுச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறோம். நான் இங்கே குறிப்பெழுத்தன். கூட்டத்தில் பிறர் பேசுவதை, அவர்கள் பேசியிருக்க வேண்டிய விதத்தில் எழுதுவது என் தொழில்.

கட்டடத்தின் பின்பக்கம், தகரக் கூரைக்குக் கீழே, ஆள் உயரத்தைவிட ஆழமான ஒரு தொட்டி உண்டு. தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி. அதில் எப்போதும் அமர்ந்திருப்பவர் ‘மாப்பிள்ளை’. ரப்பர் மனிதர். சராசரி ஆளின் எடை, சராசரி ஆளின் பருமன், முகத்தில் சிவப்புச் சாயத்தில் ஒரு வாய். புதுச் சட்டை மாட்டி அழைத்து வரப்பட்டு, வாயே திறக்காமல், தன்னைப் பற்றிப் பிறர் முடிவெடுக்கும்வரை பொறுமையாக உட்கார்ந்திருப்பதால் அந்தப் பெயர்.

எங்கள் விதி எண் ஏழு, தங்கத்தில் பொறிக்கத் தக்கது: ‘உயிர்காப்பு மேலங்கி அணிந்தவரைத் தண்ணீரில் இறக்கி ஒரு மணி நேரம் கழிந்த பின்னும் அவர் வாய் மேலே இருத்தல் வேண்டும்.’ வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்ற பழமொழியின் அரசாங்கப் பதிப்பு இது. சோதனைப் படிவத்தில் கடைசிக் கேள்வி: ‘அணிந்தவர் முழுகாமல் இருக்கிறாரா?’ அதை ஒவ்வொரு முறை தட்டச்சு செய்யும்போதும் தட்டச்சர் சிரித்து, மாப்பிள்ளைக்கு இது எத்தனையாவது மாதம் என்று விசாரிப்பார். எங்கள் பொழுதுபோக்குகள் எளிமையானவை.

படகுத் துறைக்காக எண்ணூறு புதிய லைஃப் ஜாக்கெட்டுகள் வந்து இறங்கிய நாளிலிருந்துதான் எங்கள் பொற்காலம் தொடங்கியது. பழையவற்றுக்கு இன்னும் ஆயுள் இருந்தது. ஆனால் நிறம் மங்கிவிட்டது. புகைப்படங்களில் எடுப்பாக இல்லை என்று மேலிடத்தில் கருதினார்கள். ஆகவே புதியவை. செய்து கொடுத்தவரை நாங்கள் ‘தக்கைக்காரர்’ என்போம். நயமான மனிதர். எல்லாவற்றிலும் சிக்கனம், உள்ளே வைத்துத் தைக்கும் பஞ்சிலும்.

இந்த இடத்தில் என் அக்காவைப் பற்றி ஒரு வரி சொல்லியாக வேண்டும். ஆற்றைக் கடக்கும் அந்தப் படகில் டிக்கெட் பரிசோதிப்பவர் அவள்தான். காலையிலிருந்து மாலைவரை ஜாக்கெட்டோடு மேல்தளமும் கீழ்த்தளமுமாக நடப்பாள். ஒரு தடவைக்கு நூற்றிருபது பயணிகள். அவளுக்கு நீச்சல் தெரியாது.

முதல் சோதனை கோடையின் உச்சத்தில் நடந்தது. தொட்டிக்குப் பொறுப்பாளர் ‘டிகிரியம்மா’. வெப்பமானியைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார். டீயைக்கூட அளந்துவிட்டுத்தான் குடிப்பார். அன்று தொட்டியை அளந்தார், முப்பத்தொன்று. மாப்பிள்ளைக்குப் புது ஜாக்கெட்டை மாட்டி இறக்கினார். மாப்பிள்ளை யோசித்தார். பிறகு மெல்ல இறங்கினார். கழுத்து, மோவாய், கீழுதடு, மேலுதடு. மூக்குக்கு அடியில் வந்து நின்றது தண்ணீர்.

டிகிரியம்மா படிவத்தில் எழுதினார்: ‘முழுகினார்.’

பழைய ஜாக்கெட் ஒன்றை மாட்டி அதே தொட்டியில் இறக்கினார். வாய் மட்டுமில்லை, மோவாயும் கழுத்தில் பாதியும் வெளியே தெரிந்தன. அந்தப் படிவத்தை யாரும் கேட்கவில்லை, அவரே வைத்துக்கொண்டார்.

மறுநாள் அவசரக் கூட்டம். தலைமை வகித்தவர் எங்கள் இயக்குநர். அவரைப் ‘புலவர்’ என்று அழைப்போம், அவர் இல்லாதபோது மட்டும். எந்தச் சொல்லைக் கண்டாலும் பிரித்துப் பார்த்துவிடுவார். விடுப்பு விண்ணப்பத்தில் சந்திப்பிழை இருந்தால் காய்ச்சல் நிராகரிக்கப்படும்.

தக்கைக்காரர் கைகட்டி நின்றார். “ஐயா, ரெண்டே ரெண்டு விரல்தான் உள்ள போயிருக்கு. ரெண்டு விரலுக்காக எண்ணூறையும் திருப்பி அனுப்புனா எப்படி?”

“அந்த ரெண்டு விரல்லதான் சார் வாய் இருக்கு,” என்றார் டிகிரியம்மா.

“மூக்கு வெளியதானே இருக்கு? மூச்சு விடட்டும். தண்ணில விழுந்தவனுக்குப் பேச்சு எதுக்கு?”

புலவர் கை உயர்த்தினார். மின்விசிறிகூடக் கொஞ்சம் மெதுவாகச் சுற்றியதாக எனக்கு நினைவு.

“அம்மா, நேத்து மாப்பிள்ளையை எதுல எறக்குனீங்க?”

“தொட்டில ஐயா.”

“தொட்டில என்ன இருந்துச்சு?”

“தண்ணி.”

“எத்தனை டிகிரி?”

“முப்பத்தொண்ணு.”

புலவர் சிரித்தார். கண்டுபிடிப்பாளர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள் என்று படித்திருக்கிறேன். “விதி ஏழு என்ன சொல்லுது? தண்ணீரில் இறக்கி. தண்ணீர். பிரிச்சுச் சொல்லுங்க பாப்போம்.”

யாரும் பிரிக்கவில்லை. பிரிக்கும் உரிமை அவருடையது.

“தண்மை கூட்டல் நீர். தண்மைன்னா குளிர்ச்சி. குளிர்ந்த நீர்தான் தண்ணீர். முப்பத்தொரு டிகிரில இருக்கறதுக்குப் பேரு என்ன?”

“வெந்நீருங்களா?” என்றார் தக்கைக்காரர், பரவசத்தில் குரல் உடைய.

“வெம்மை கூட்டல் நீர். ஆக, மாப்பிள்ளை முழுகுனது வெந்நீர்ல. வெந்நீர் பத்தி நம்ம விதியில ஒரு வார்த்தை கிடையாது. நேத்து நடந்தது சோதனையே இல்ல. அது குளியல்.”

பலத்த கைதட்டல். ‘நேற்றைய குளியல் ரத்து செய்யப்பட்டது’ என்று எழுதினேன்.

டிகிரியம்மா மட்டும் கை தட்டவில்லை. “ஐயா, சொல்லைப் பிரிக்கறது இருக்கட்டும். தண்ணி சூடானா விரியும். விரிஞ்சா அதே ஒரு குடம் தண்ணிக்கு எடை கம்மி. கூட்டமான பஸ்ல நின்னுகிட்டே தூங்கறோம்ல, விழறோமா? சுத்தி இருக்கறவங்க நெருக்கிப் பிடிச்சிருக்காங்க. கூட்டம் கலைஞ்சா பொத்துன்னு விழுவோம். குளுந்த தண்ணி நெருக்கமான கூட்டம். சூட்டுத் தண்ணி கலைஞ்ச கூட்டம். நாலு டிகிரிக்கும் முப்பத்தொண்ணுக்கும் மாப்பிள்ளையைத் தூக்கிப் பிடிக்கற பலத்துல நானூறு கிராம் வித்தியாசம் வரும். நல்ல ஜாக்கெட்டுக்கு நானூறு கிராம் ஒரு பொருட்டே இல்ல. இது விளிம்புல நிக்கற ஜாக்கெட். இதுக்கு அதான் உயிர்.”

அவர் செய்த பிழை, எதிரியின் முன்னால் உண்மையை எண்ணோடு சொன்னது.

“நாலு டிகிரியா?” என்றார் புலவர். “நாலுல என்ன விசேஷம்?”

“அங்கதான் தண்ணிக்கு அடர்த்தி உச்சம்.”

“அப்போ நாலு டிகிரிதான் உண்மையான தண்ணீர்,” என்று தீர்ப்பு வந்தது. “மத்ததெல்லாம் கலப்படம். ஐஸ் வரவழைங்க.”

எங்கள் அலுவலகத்தில் மேலதிகாரிகளுக்கு ஐஸ் வைப்பது பழைய வழக்கம். தொட்டிக்கு வைத்தது அதுதான் முதல் தடவை. வண்டி வண்டியாகப் பாளங்கள் வந்தன. தக்கைக்காரர் தன் கையாலேயே தூக்கிப் போட்டார். தொட்டி புகைந்தது. டிகிரியம்மாவின் வெப்பமானி இருபதுக்கு இறங்கியது, பத்துக்கு இறங்கியது, நான்கில் நின்றது. மிச்ச ஐஸை அள்ளி எடுத்துவிட்டு மாப்பிள்ளையை இறக்கினோம். மூக்கு, மேலுதடு, கீழுதடு. வாய் முழுதாக வெளியே! சிவப்பாக, ஈரமாக, ஏதோ சொல்ல வருவதுபோல. சொல்லவில்லை. நல்ல ஊழியர்.

உற்சாகத்தில் புலவர், “நாலுலயே இவ்வளவுன்னா பூஜ்ஜியத்துல கழுத்தே வெளிய வரும்ல? இன்னும் போடுங்க!” என்றார். போட்டோம். ஒரு டிகிரி வந்ததும், அதுவரை வெளியே இருந்த கீழுதட்டு ஓரத்தில் தண்ணீர் நூல் அளவுக்கு ஏறித் தொட்டது.

“நாலுக்குக் கீழ போனா தண்ணி திரும்ப விரியும் ஐயா,” என்றார் டிகிரியம்மா. “அதனாலதான் ஐஸ் மிதக்குது.”

“ஐஸ் மிதக்க யாரு சான்றிதழ் குடுத்தது?” என்றார் புலவர் கடுப்பாக. பிறகு, அளவுக்கு மிஞ்சினால் ஐஸும் நஞ்சு என்ற ஆழ்ந்த கருத்தோடு, இனி எல்லாச் சோதனையும் ‘சரியாக நான்கு டிகிரியில்’ என்று ஆணையிட்டார். தக்கைக்காரர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஐஸ் புகையாக இருக்கலாம்.

சில நாள் கழித்து ஒரு மாலை டிகிரியம்மா என் மேசைக்கு வந்தார்.

“தம்பி, லீவு நாள்ல படகுத் துறைக்குப் போய் வெப்பமானியை ஆத்துல விட்டுப் பாத்தேன். முப்பத்து மூணு. மேல மின் நிலையம் இருக்குல்ல, அவங்க எந்திரத்தைக் குளிர வெச்சுட்டு அந்தச் சூட்டுத் தண்ணியை அங்கதான் விடறாங்க. படகு நிக்கற எடம் அதுக்கு நேர் கீழ. நம்ம தொட்டியைவிட மோசம்.”

“ஐயாகிட்டச் சொல்லலையா?”

“சொன்னேன். அது ஆறே இல்லம்மா, வெந்நீர்ங்கறாரு. தம்பி, குறிப்புல ஒரு வரி எழுதுங்க. ஆறு முப்பத்து மூணு டிகிரி. அவ்வளவுதான். வேற எதுவும் வேண்டாம்.”

எழுதினேன். பென்சிலில். ஓரத்தில். பென்சில் ஒரு நாகரிகமான கருவி. மனசாட்சிக்கும் வேலைக்கும் நடுவில் அது சமரசம் செய்து வைக்கும். குறிப்பு தட்டச்சுக்குப் போகும் முன் புலவர் அதைப் பார்த்தார். “இது என்ன தம்பி, எறும்பு ஊர்ந்த மாதிரி?” என்றார். “எறும்புதான் ஐயா,” என்றேன். ரப்பர் வைத்து எறும்பை அழித்தேன். டிகிரியம்மாவின் வெப்பமானி ‘அலுவலகத்தின் சீரான மனநிலையைக் குலைக்கும் கருவி’ என்று கைப்பற்றப்பட்டது. அவரைக் காகிதக் கிடங்குக்கு மாற்றினார்கள். அங்கே எதையும் அளக்க வேண்டியதில்லை.

எண்ணூறுக்கும் முத்திரை விழுந்தது. ‘தண்ணீரில் முழுகாது.’ பார்க்கப் போனால், ஒரு பொய்யும் இல்லாத சான்றிதழ்.

விநியோகத்துக்கு முதல் நாள், மாதிரி அறையிலிருந்து பழைய ஜாக்கெட் ஒன்றைப் பையில் சுருட்டி வைத்து வீட்டுக்கு எடுத்துப் போனேன். இதை ஒரு சாதாரணச் சகோதரப் பாசமாகத்தான் நான் அப்போது வகைப்படுத்தியிருந்தேன்.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஜாக்கெட்டை அவள் மடியில் வைத்தேன்.

“என்னடா இது, பழசு?”

“நல்லாருக்கும். போட்டுக்க.”

“நாளைக்குத்தான் புதுசு குடுக்கறாங்களே. பளபளன்னு ஆரஞ்சு கலர்ல. நீதான சான்றிதழ் எழுதுன?”

“நான் எழுதல. நான் குறிப்புதான் எழுதினேன்.”

“ரெண்டும் உன் கைதானடா?”

நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். அவள் விடவில்லை. பின்னாலேயே வந்தாள்.

“புதுசுல என்ன கோளாறு?”

“கோளாறெல்லாம் இல்ல. குளுந்த தண்ணில நல்லா மிதக்கும்.”

“ஆறு எங்கடா குளுந்திருக்கு? கையை விட்டா டீ போடலாம் போல இருக்கு.”

“அதுக்குத்தான் பழசு.”

அவள் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தாள். டிக்கெட் இல்லாதவனைப் பிடிக்கும் முன்தான் அப்படிப் பார்ப்பாள்.

“நூத்தி இருபது பேரு ஏறுற படகுலடா,” என்றாள். “ஒண்ணு எடுத்துட்டு வந்திருக்க.”

“பையில அதுக்கு மேல இடம் இல்லக்கா,” என்றேன். இன்றும் அதைவிடத் துல்லியமான ஒரு வாக்கியத்தை நான் எழுதியதில்லை.

மறுநாள் படகுத் துறையில் விழா. ரிப்பன், ஒலிபெருக்கி, வாடகை நாற்காலிகள். புது ஜாக்கெட் அணிந்த மாப்பிள்ளையைச் சிறப்பு விருந்தினராக மேடையில் உட்கார வைத்திருந்தோம். புலவர் ‘மிதப்பு’ என்ற சொல்லைப் பலவாறாகப் பிரித்து உரையாற்றினார். படகு ஊழியர்கள் வரிசையில் வந்து புது ஜாக்கெட் பெற்றார்கள். என் அக்காவின் முறை வந்தது. அவள் சீருடைக்கு மேல் ஏற்கெனவே ஒன்று மாட்டியிருந்தாள். மங்கிய நிறம்.

“ஏம்மா, இந்தப் பழசைக் கழட்டலாமே?” என்றார் புலவர் அன்பாக.

“என் தம்பி இதைத்தான் போடச் சொன்னான்.”

“யாரு தம்பி?”

“அதோ, தலையைக் குனிஞ்சு எழுதிட்டிருக்கானே.”

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. நான் ‘எல்லாத் தலைகளும் திரும்பின’ என்று குறிப்பில் எழுதிக்கொண்டிருந்தேன்.

அக்கா ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டாள். “ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. மாப்பிள்ளை இவ்வளவு தூரம் வந்திருக்காரு. ஆத்துல ஒரு தடவை எறக்கிப் பாத்துடலாமே?” என்று சொல்லிக்கொண்டே, இரண்டு படகு ஊழியர்களுக்குக் கண் காட்டினாள். அவர்கள் நாற்காலியோடு தூக்கினார்கள். ஆணை பிறக்கும் முன்பே மாப்பிள்ளை ஆற்றில் இருந்தார்.

கரையில் வரிசையில் நின்ற பயணிகள் எட்டிப் பார்த்தார்கள். மோவாய் போயிற்று. கீழுதடு போயிற்று. மேலுதடு போயிற்று. சிவப்பு வாய் பழுப்புத் தண்ணீருக்குள் தெரிந்தும் தெரியாமலும் அலைந்தது. ஒரு சின்ன அலை வந்ததும் மூக்கும் போயிற்று. கூட்டத்தில் ஒரு பெண் தன் குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள்.

“இது செல்லாது!” என்றார் புலவர். “இது தண்ணீர் இல்ல. வெந்நீர்!”

“அப்படியா ஐயா?” என்றாள் அக்கா. புது ஜாக்கெட் ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினாள். “வெந்நீர்னா உடம்பு வலிக்கு நல்லது. போட்டுக்கிட்டு நீங்களும் ஒரு முங்கு போட்டுட்டு வாங்க. நாங்க பாத்துட்டு அப்புறம் படகை எடுக்கறோம்.”

புலவருக்குத் திடீரென்று வேறொரு கூட்டம் நினைவுக்கு வந்தது. தக்கைக்காரர் அதற்கு முன்பே காரில் இருந்தார்.

அன்று காலை படகு கிளம்பவில்லை. மூட்டை கட்டிக் கிடந்த பழைய ஜாக்கெட்டுகளைப் படகு ஊழியர்களே பிரித்து, ஒவ்வொருவருக்கும் மாட்டிவிட்ட பிறகு, பிற்பகலில் கிளம்பியது. நிறம் மங்கிய நூற்றிருபது பேர் அக்கரைக்குப் போனார்கள். புகைப்படம் எடுப்பாக வரவில்லை.

புதியவை எண்ணூறும் எங்கள் அலுவலகத்துக்கே திரும்பிவிட்டன. அவற்றில் இப்போது ஒரு துணிச் சீட்டு தைக்கப்பட்டிருக்கிறது: ‘தண்ணீரில் மட்டும் பயன்படுத்தவும். வெந்நீரில் விழுவதைத் தவிர்க்கவும்.’ வாங்க ஆள் வரும்வரை நாற்காலிகளில் போட்டு உட்கார்ந்திருக்கிறோம். உட்கார்ந்த மாத்திரத்தில் ஒரு மிதப்பு வருகிறது.

இத்தனை நடந்த பிறகு எங்கள் அலுவலகம் சும்மா இருக்குமா? மூவர் குழு அமைத்து விசாரணை தொடங்கியது. மாதிரி அறையிலிருந்த ‘தரமான’ ஜாக்கெட் ஒன்று காணாமல் போனது எப்படி என்பதுதான் விசாரணை. முதல் சந்தேகம் டிகிரியம்மா மேல் விழுந்தது. காகிதக் கிடங்கு, மாதிரி அறைக்கு அடுத்த அறையாம். நான்தான் எடுத்தேன் என்று ஒப்புக்கொண்டேன். ஊரே பார்த்த விஷயம், இதில் வீரம் ஒன்றுமில்லை. உடனே எனக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. ஒரே கேள்வி: ‘ஆற்றின் சூடு உமக்கு முன்பே தெரியுமா?’

இந்தத் தடவை பேனாவை எடுத்தேன். மையில் எழுதினேன்: ‘ஆறு முப்பத்து மூன்று டிகிரி என்று டிகிரியம்மா அன்றே சொன்னார். அதை அழித்தவன் நான். சூடு தெரியும். எனக்கும் இந்த அலுவலகத்துக்கும் சொரணைதான் இல்லாமல் இருந்தது.’

மூன்றாம் நாள் கடிதம் திரும்பி வந்தது. புலவர் முழுவதையும் நிதானமாகப் படித்திருக்கிறார். மறுப்பு இல்லை, கோபம் இல்லை. கடைசி வாக்கியத்தில் ‘இருந்தது’ என்ற சொல்லை மட்டும் சிவப்பு மையால் சுழித்து, ஓரத்தில் தன் அழகிய கையெழுத்தில் குறித்திருந்தார்:

‘காலப் பிழை. நிகழ்காலத்தில் எழுதுக.’